சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

ஆடி 18. காலை ஆறு மணிக்கே வீட்டில் எல்லோரும் ரெடி. அம்மா எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கட்டி முடித்துவிட்டாள். மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி எல்லாம் ஒரு மஞ்சப் பையில். தர்மபுரிக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு என்றால் ஒகேனக்கல்தான். கொஞ்சம் தாமதித்தாலும் பென்னாகரம் ரோட்டில் வண்டி நகராது.

சாவியைத் திருகினேன்.

'டக்.'

இன்னொரு தடவை. 'டக்... டக்.' டாஷ்போர்டு விளக்குகள் ஒருமுறை மினுக்கிவிட்டு மங்கிப்போயின. அவ்வளவுதான்.

மாசியில் வாங்கிய புது பேட்டரி. ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை. நடுவில் இரண்டு தடவை இதே மாதிரி படுத்து, பக்கத்து வீட்டுக்காரர் வண்டியிலிருந்து ஒயர் போட்டு எழுப்பியிருந்தோம். அன்றைக்கு அதற்கும் வழியில்லை. அவர் குடும்பத்தோடு முந்தின நாளே ஒகேனக்கல் போய்விட்டார். பஸ்ஸில் போனோம். முழங்கால் வலியோடு அம்மா வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

மறுநாள் பேட்டரி கடைக்குப் போனேன். பேட்டரியை மாட்டிய பையன்தான் முன்னால் வந்தான். இருபது வயசுக்குள் இருக்கும். 'என்ன சார்' என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"பழைய பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தி, புது ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்திருக்கீங்க. ஏமாந்தவன் நான்னு நினைச்சீங்களா? எழுதிடுவேன்!"

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். எழுதிடுவேன். போலீஸ்காரருக்கு லத்தி மாதிரி, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது ஒரு ஆயுதம். நியாயத்துக்காக எடுப்பதாக நினைத்துக்கொள்வோம். பெரும்பாலும் கோபத்துக்காகத்தான் எடுக்கிறோம்.

கடைக்காரர் பதறிப்போய் வந்தார். என் முன்னாலேயே பையனைத் திட்டினார். "நீதானடா மாட்டின? பாத்து மாட்ட மாட்டியா?" பையன் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"சார், வண்டியில எங்கயோ கரண்ட் இழுக்குது சார். ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, பாத்துடலாம்."

"உன் வேலையை நீ பாரு" என்றேன்.

கம்பெனிக்கு அனுப்பி, சோதித்து, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம். கடைக்காரர் எதுவும் பேசாமல் வேறு புது பேட்டரியை இலவசமாகவே மாட்டிக் கொடுத்தார். ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

ஆவணியில் ஐந்து நாள் சென்னையில் வேலை. திரும்பி வந்து சாவியைத் திருகினால்...

'டக்.'

போனை எடுத்து கடை நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி கேட்டாள்: "ரெண்டு பேட்டரியும் எப்படிங்க ஒரே மாதிரி சாகும்?"

போனைக் கீழே வைத்தேன். பி.காம். படித்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. தோன்றவில்லை. கோபமாக இருக்கிற மனுஷனுக்குக் கணக்கு வராது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார். அறுபது தாண்டியவர். தோளில் ஒரு ரெக்ஸின் பை. பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலில் அதை நாள் முழுக்க சார்ஜில் போடச் சொன்னார். மறுநாள் வந்தார்.

"எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. சாவிய எடுத்து வீட்டுக்குள்ள வெச்சுட்டு வாங்க."

பானெட்டைத் திறந்து வைத்து, மற்ற கதவுகளையும் டிக்கியையும் மூடினார். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றினார். கழற்றிய ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை இணைத்தார். பேட்டரியை விட்டு என்ன வெளியே போனாலும் இனி இந்த மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டு வாசலிலேயே ஒரு சித்தப்பாவை உட்கார வைப்பார்களே, அந்த மாதிரி.

"இப்ப யாரும் வண்டியத் தொடாதீங்க. சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினா மீட்டர் போயிடும். டீ சாப்பிட்டு வரலாம்."

"டீயா?"

"வண்டி தூங்கணும் சார். முழிச்சிருக்கிறப்ப பாத்தா தப்புக் கணக்கு காட்டும்."

அரை மணி கழித்து வந்து பார்த்தோம். மீட்டரில் 0.43 ஆம்பியர்.

"நிக்கிற வண்டி இவ்வளவு குடிக்கக் கூடாது. கடிகாரம், ரேடியோ மெமரி எல்லாம் சேத்து 0.03, மிஞ்சிப்போனா 0.05. அதுக்கு மேல போனா எங்கயோ ஓட்டை."

எனக்குள் இருந்த பி.காம். அப்போதுதான் முழித்துக்கொண்டது. 0.43 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணிக்குக் கொஞ்சம் மேல். என் பேட்டரி 35. மூன்றரை நாளில் ஒட்டச் சுரண்டியாகிவிடும். ஸ்டார்ட் ஆகிற தெம்பு அதற்கு முன்னாலேயே போய்விடும். தினமும் வண்டி ஓடினால் டைனமோ ராத்திரிச் செலவைப் பகலில் ஈடுகட்டிவிடும். நான்கு நாள் சும்மா நின்றால் திவால். ஈயத்தகடு பேட்டரியை ஒவ்வொரு தடவை இப்படி முழுக்க வடியவிடும்போதும் தகட்டில் படிகிற சல்பேட் இறுகிக்கொண்டே போகும். அப்புறம் எத்தனை சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. அதாவது, நல்ல பேட்டரியைத்தான் கடையில் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொன்றது என் வண்டி.

பெரியவர் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். ஒன்றைப் பிடுங்குவார். மீட்டரைப் பார்ப்பார். மாற்றமில்லை என்றால் திரும்பச் செருகுவார். ரேடியோவாக இருக்கும் என்று நான் சொன்னேன். ரேடியோ இல்லை. ஹாரன் இல்லை. ஆறாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.43 சடாரென்று 0.02 ஆனது.

"இதுலதான் உள் லைட்டும் டிக்கி லைட்டும் இருக்கு."

உள் லைட் எரியவில்லை. ஃபியூஸைத் திரும்பச் செருகிவிட்டு, ஒரு பீடி முடிகிற நேரம் காத்திருந்தார். பிறகு டிக்கியைத் திறந்தார். விளக்கு எரிந்தது.

"திறந்தா எரியத்தானே செய்யும்?" என்றேன்.

"பல்ப தொட்டுப் பாருங்க."

தொட்டேன். விரலை இழுத்துக்கொண்டேன். சுட்டது!

மூடிய டிக்கிக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல், ராத்திரி பகலாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஐந்து வாட்ஸ். கட்டை விரல் நுனியளவு பல்பு. டிக்கியை மூடினால் கதவு ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தி விளக்கை அணைக்க வேண்டும். அந்த ஸ்விட்சின் முனை உடைந்திருந்தது.

"இது தானா உடையாது சார். ஏதோ இடிச்சிருக்கு."

எனக்கு ஞாபகம் வந்தது. பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து இரண்டு அரிசி மூட்டை. டிக்கி மூடவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தி மூடினேன். ஏதோ 'பட்' என்றது. மூடிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த மாசம், மாசியில், மூன்று வருஷப் பழைய பேட்டரி படுத்தது. வயசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கினேன். அந்தப் புதுசைத்தான் போலி என்று சொல்லிக் கடையில் சண்டை போட்டேன்.

கல்லூரியில் டிரையல் பேலன்ஸ் போட்டவர்களுக்குத் தெரியும். பற்றும் வரவும் சமமாக வரவில்லை. எங்கேயோ தப்பு. தேடிக் கிடைக்கவில்லை. நேரமும் இல்லை. என்ன செய்வது? அந்த வித்தியாசத் தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு தலைப்பில் தற்காலிகமாக எழுதி வைக்க வேண்டும். தப்பு கிடைத்ததும் அதிலிருந்து எடுத்து உரிய கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனக்குப் பாடம் எடுத்தவர் ஒன்று சொல்வார். சஸ்பென்ஸ் அக்கவுன்ட் என்பது கணக்குப்பிள்ளையின் ஒப்புதல் வாக்குமூலம். 'வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எதனால் என்று இன்னும் தெரியாது' என்று அவன் நோட்டிலேயே கையெழுத்துப் போடுகிறான். அதற்குப் பதிலாகக் குறைகிற தொகையைக் கல்லாப்பெட்டிப் பையன் தலையில் எழுதிவிட்டால் பேலன்ஸ் ஷீட் அழகாக நேராகிவிடும். பார்க்கிறவர்களுக்கும் திருப்தி. ஆனால் அது கணக்கு இல்லை, களவு.

அன்றைக்கு நான் செய்தது அதுதான். 'பேட்டரி செத்துவிட்டது, காரணம் தெரியவில்லை' என்பதுதான் என் கையில் இருந்த உண்மை. அதைத் தாங்கிக்கொண்டு ஒரு நாள் இருக்க எனக்குப் பொறுமை இல்லை. கைக்கு எட்டிய பையன் பெயரில் பற்று எழுதிவிட்டேன்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. தெரியாமல் செய்தது தப்பாகுமா? பல்பு எரிந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பல நாள் யோசித்தேன். பல்பு எரிந்தது தெரியாமல் இருந்தது குற்றம் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசினேனே, அதுதான் குற்றம். அதுவும் தெரிந்தவன் ஒருத்தன் எதிரிலேயே நின்று, 'எங்கயோ கரண்ட் இழுக்குது சார்' என்று சொல்லும்போது.

பழி சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அன்றைக்கே முடிந்துவிடும். பேட்டரியை மாற்றுவது மாதிரி, பத்து நிமிஷ வேலை. கசிவைத் தேடுவது அப்படி இல்லை. எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்க வேண்டும். அதில் என் கையால் உடைந்ததும் ஒன்றாக இருக்கலாம். பழி சொல்லும்போது நான் கணக்குக்கு வெளியே நிற்கிறேன். கசிவைத் தேடும்போது நானும் கணக்குக்குள் வந்துவிடுகிறேன். நமக்குத் தேடப் பிடிக்காததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

இந்த விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கே ஒரு பழைய காயம் உண்டு.

கல்லூரியில் என்னோடு படித்த ஒருவன் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். பல்லெல்லாம் பழுப்புக் கறை. விடுதியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. 'தர்மபுரியில பல் தேய்க்க மாட்டாங்களா?' என்று வேற்று ஊர்ப் பையன்கள் கேட்பார்கள். நானும் தர்மபுரிதான். ஆனால் என் பல் வெள்ளை. அதனால் நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் எங்கள் எல்லோரையும்விட அதிக நேரம் பல் தேய்ப்பான் என்பதை அறையில் கூட இருந்த நான் தினமும் பார்த்தேன். பார்த்தும் சிரித்தேன்.

அவன் பல்லில் இருந்தது அழுக்கு இல்லை. ஃப்ளோரைடு. மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளைக் கிணறுகள் கீழே கீழே போன மாவட்டம் இது. பாறைக்குள் தங்கிய தண்ணீரில் ஃப்ளோரைடு கரைந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பல் உருவாகிற வயசில் அதற்கு மேல் குடிக்கும் குழந்தைக்கு எனாமலிலேயே கறை விழுந்துவிடும். எந்த பிரஷ்ஷாலும் தேய்த்து எடுக்க முடியாது. வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் இறுகும். ஒரு தலைமுறையே குனிந்து நடக்கும். தண்ணீர் செய்த வேலைக்கு மனுஷனை அழுக்கு என்றோம்.

இது தர்மபுரியில் மட்டும் நடந்ததில்லை. 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு ஃபிரெடரிக் மெக்கே என்கிற இளம் பல் டாக்டர் வந்தார். ஊரில் பலருக்குப் பல் பழுப்பு. பன்றிக்கறி அதிகம் தின்பதால், பால் சரியில்லாததால் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே எதையும் நம்பிவிடவில்லை. முப்பது வருஷம் தேடினார். 1923-ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊரில், புதுக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் பிள்ளைகளின் பல் கெட்டது என்று பெற்றவர்கள் சொன்னார்கள். தண்ணீரைச் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும், 'இந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றிலிருந்து எடுத்துப் பாருங்கள்' என்றார். எடுத்தார்கள். சில வருஷத்தில் அடுத்த பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல் முளைத்தது.

யோசித்துப் பாருங்கள். அவர் செய்தது ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கிற வேலைதான்! அந்தத் தண்ணீரில் இருந்தது ஃப்ளோரைடு என்று சர்ச்சில் என்ற வேதியியல் நிபுணர் சொன்னது 1931-ல். அதுவரை மெக்கே அந்த வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்டிலேயே வைத்திருந்தார். யார் தலையிலும் எழுதவில்லை.

நம் பக்கமும் ரொம்பத் தாமதமாகத் தெரிந்த விஷயம் இல்லை இது. அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்து ஃப்ளோரைடு பாதிப்பு 1937-லேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே நோயின் பெயர் இருக்கிறது. கசிவு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம் என்பதற்கு அது ஒரு கையெழுத்து. ஆனால் ஏற்கெனவே கறுத்த பல் அதனால் வெளுக்காது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவனின் மூன்று வருஷம் திரும்ப வராது.

'அப்படியானால் எதற்குமே யாரையும் குற்றம் சொல்லக் கூடாதா? எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கத்தானே செய்யும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எங்கள் ஊரிலிருந்து சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் லாரி பிரேக் பிடிக்காமல் போய் முன்னால் போகிற வண்டிகளை நசுக்கியதாக அடிக்கடி படித்திருப்பீர்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினார் என்று டிரைவர் மேல் வழக்கு வரும். நியூட்ரலில் இறங்கினால் அது தப்புதான். தண்டனை வேண்டியதுதான். அதோடு ஃபைலை மூடிவிட்டால்? அந்த டீசல் மிச்சம் யாருக்கு, அவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் வந்தார், அந்த இறக்கம் ஏன் இத்தனை பேரை வாங்குகிறது என்று கேட்காவிட்டால், அடுத்த லாரியும் அங்கேதான் உருளும்.

எலெக்ட்ரீஷியன் பெரியவர் ஸ்விட்சை மாற்றிவிட்டு, பேட்டரியையும் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்பிச்சிட்டுது. இன்னும் ரெண்டு தடவை வடிய விட்டிருந்தா இதையும் மாத்தணும்." காரணத்தைத் தேடுவது என்றால் செத்த பேட்டரியை மன்னித்து வண்டியிலேயே வைத்துக்கொள்வது இல்லை. மாற்ற வேண்டியதை மாற்றத்தான் வேண்டும். மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்துள்ள வரிசையே அதுதான். முதலில் நோய் எது, அப்புறம் அதன் காரணம் எது, அதற்கப்புறம்தான் தீர்க்கிற வழி. நாம் நடுவில் இருப்பதைத் தாண்டிவிட்டு நேராக மூன்றாவதற்குப் போகிறவர்கள்.

சஸ்பென்ஸ் அக்கவுன்டுக்கும் ஒரு விதி உண்டு. அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. தப்பு கிடைத்தால் உரியவர் கணக்கில் எழுதியாக வேண்டும். தப்பு என் கணக்கு என்றால் என் கணக்கில்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். இலவசமாகத் தந்த பேட்டரிக்குப் பணத்தை எடுத்து வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார். "பரவால்ல சார்."

"அந்தப் பையன் எங்கே?"

"அவனா? அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டேன் சார். நீங்க எழுதிடுவேன்னு சொன்னீங்க இல்ல..."

சம்பளத்தில் பிடித்தது போக மீதியைக் கொடுத்தாராம். அவன் இப்போது பெங்களூரில். எங்கள் மாவட்டத்துப் பையன்கள் வேலை போனால் ஏறுவது பெங்களூர் பஸ்தான். நம்பர் வாங்கி, கடைக்கு வெளியே நின்று போன் பண்ணினேன். பின்னால் டிராஃபிக் இரைச்சல். யார் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மன்னிப்புக் கேட்பதற்காக நான் வழியெல்லாம் தயார் செய்து வந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். "தம்பி, அன்னைக்கு தப்பு உன் மேல இல்லப்பா..."

அவன் முடிக்க விடவில்லை.

"கண்டுபிடிச்சிட்டீங்களா சார்? எங்க சார் இழுத்துச்சு?"

"டிக்கி லைட்டுப்பா. ஸ்விட்ச் உடைஞ்சிருந்துது."

"டிக்கி லைட்டா! ச்சே... நான் ரேடியோவா இருக்கும்னு நினைச்சிட்டிருந்தேன் சார், இத்தினி நாளா."

அவன் சம்பளத்தில் பிடித்த பணத்தை அனுப்பினேன். கடைக்காரரிடம் பேசித் திரும்ப வேலைக்குச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம் சார், இங்க பழகிடுச்சு" என்றான். ரூபாய்க் கணக்கு நேராகிவிட்டது. மற்றதற்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் மனசிலேயே நிற்கிறது. என் வண்டியில் என்ன கோளாறு என்பதை இத்தனை நாள் விடாமல் யோசித்துக்கொண்டிருந்தவன், அந்த வண்டியால் வேலை போனவன் ஒருத்தன்தான். வண்டிக்குச் சொந்தக்காரன் பேட்டரியை மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.